ஜீப்பைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘என் பொழுதுபோக்கு’ நிகழ்ச்சிக்காக சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கார் நிறுத்துமிடத்தில் கடைசித் தூண் பக்கம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறதே, அந்த ஜீப் என்னுடையது. “இந்தப் பழைய இரும்பு யாருது, எப்போ எடுப்பாங்க?” என்று நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை கேள்வி வந்தது. இரண்டு முறையும் நான் பதில் போடவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் பேச வந்ததற்குக் காரணம் பி பிளாக்கில் இருக்கும் ஒரு தம்பி. கொஞ்ச நாளைக்கு முன் லிஃப்டில் பார்த்தபோது, “சார், அத்திப்பள்ளி பக்கம் ஒரு பழைய ஜீப் விலைக்கு வருது. பெயிண்ட் எல்லாம் சூப்பர். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்” என்றார். “ஆர்.சி. யார் பேரில் இருக்கு?” என்று கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் மாத்திக் குடுப்பாங்க சார்” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் இந்த வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம்.

நம் பக்கத்து ஜீப்புகள்

நான் பிறந்தது தேன்கனிக்கோட்டைக்கு மேலே ஒரு மலை ஊர். ராகி மூட்டையும் பட்டுக்கூடும் சந்தைக்கு இறங்கியது ஜீப்பில்தான். பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 வருடம் வேலை பார்த்தேன். ஆசை மலையில் வந்தது, கைப்பழக்கம் டூல் ரூமில் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் செய்தார்கள். போர் முடிந்ததும் ஏலத்தில் வெளியே வந்தவற்றைத்தான் நம் பெரியவர்கள் ‘டிஸ்போசல் ஜீப்’ என்பார்கள். 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. அதில் வந்த சி.ஜே. 3பி மாடல்தான் நம் ஊர்ப்பக்கம் போலீஸ், வனத்துறை, பஞ்சாயத்து யூனியன் என்று எல்லா ஆபீஸ் வாசலிலும் நின்றது. அதன் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் எஞ்சின்தான். பழைய எஞ்சினைவிட உயரமான புது எஞ்சினை உள்ளே வைக்க வேண்டியிருந்ததால் பானெட்டைத் தூக்கினார்கள். 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சினுடன் எம்.எம். 540 வந்தது. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் நிசான் வண்டியை வைத்துச் செய்த ஜோங்காவும் உண்டு. 6 சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதை வாங்குகிறவர் வீட்டுப் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் இருந்தால் நல்லது!

இன்னொரு விஷயம். நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற அதே 1948-ல், காஷ்மீர் சண்டைக்காக ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் வேண்டியிருந்தது. லண்டனில் இருந்த நம் தூதரகம் மூலமாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் 200 ஜீப்புக்கு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். பணத்தில் பெரும்பகுதி முன்னாலேயே போய்விட்டது. வந்து இறங்கியவை 155. பார்லிமெண்டில் பெரிய ரகளை ஆனது. சர்க்காருக்கே இந்த நிலைமை என்றால், அட்வான்ஸ் கொடுப்பதில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இரும்பைப் பார்ப்பது

பழைய ஜீப்பைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். காந்தத்தை பாடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பாடியை மாற்றலாம், சேசிஸ் போனால் வண்டியே போன மாதிரி.

ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் முக்கியம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ரீபோர் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்பதை மண் தரையில் சோதியுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். இந்தப் பழைய ஜீப்புகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். வழுக்கும் தரையில்தான் அந்த முறுக்கு தானாக விடுபடும்.

பாகங்களுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. பெங்களூர் சிவாஜி நகர் குஜிரியும் ஜே.சி. ரோடும் பக்கத்தில்தான். கிடைக்காத புஷ், பின் எல்லாவற்றையும் நம் சிப்காட் பக்கத்து லேத் பட்டறைகளில் சாம்பிள் கொடுத்தால் கடைந்து தருவார்கள். 

இரும்பில் என்ன தப்பு இருந்தாலும் நேரமும் பணமும் இருந்தால் சரி செய்துவிடலாம். ஆனால் ஆர்.சி.யில் தப்பு இருந்தால் எந்த லேத்திலும் கடைந்து தர முடியாது.

காகிதத்தைப் பார்ப்பது

முதலில் சேசிஸ் எண். அதன் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேய்த்து அழித்து மறுபடி குத்திய மாதிரி இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது எஞ்சின் எண். பெட்ரோல் விலைக்குப் பயந்து அந்தக் காலத்தில் பல ஜீப்புகளில் டீசல் எஞ்சின் மாட்டினார்கள். மாட்டியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் டீசல், புத்தகத்தில் பெட்ரோல் என்றால் அந்தத் தலைவலி இனி உங்களுடையது.

மூன்றாவது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது. சொந்த வண்டிக்கு 15 வருடம், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடத்தைத் தாண்டிய கார், ஜீப்புக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமாக இருந்தால் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ‘எம் பரிவாகன்’ செயலியில் பாருங்கள். திருட்டு வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் பார்க்கலாம்.

‘விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாமே’ என்று சிலர் கேட்பீர்கள். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் அது கிடைக்கும். மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியில் தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம்.

அகல டயர், விதவிதமான பம்பர் போட்டு அழகு பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பழைய வண்டியைப் பழையபடி ஆக்குவதுதான் நம் வேலை.

எனக்கு நடந்தது

2015-ல் நான் ஒரு எம்.எம். 540 விற்றேன். 1,10,000-க்கு வாங்கி, ஒன்றரை வருடம் உழைத்து, 1,60,000 செலவு செய்து, 2,90,000-க்குக் கொடுத்தேன். என் உழைப்புக்கு மிஞ்சியது 20,000 ரூபாய். பொழுதுபோக்குக்கு அதுவே அதிகம். வாங்கியவர் எல்லைக்கு அந்தப் பக்கம். பணம் முழுசாகக் கொடுத்தார். “ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், நான் மாத்திக்கிறேன்” என்றார். தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தடையில்லாச் சான்று நான் எடுத்துத் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. கர்நாடகத்தில் பேர் மாற்றினால் ஆயுள் வரி கட்ட வேண்டும். அதனால் இங்கே எல்லைப் பக்கத்தில் பல வண்டிகள் பேர் மாறாமலே கை மாறுகின்றன. உங்களுக்கும் தெரியும்.

அவர் வேறொருவருக்கு விற்றார். இன்ஷூரன்ஸ் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. 2017-ல் ஒரு ராத்திரி அந்த ஜீப் ஒரு பைக்கில் மோதியது. பைக்கில் வந்தவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போன ஒரு பையன், வயது 24. வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. ஜீப்பை ஓட்டியவர் ஆள் இல்லை. நோட்டீஸ் வந்தது எனக்கு.

“நான் விற்று இரண்டு வருடம் ஆச்சு, அந்த ஜீப்பை நான் கண்ணாலேயே பார்க்கலை” என்று வக்கீலிடம் சொன்னேன். அவர் எனக்குச் சட்டத்தைக் காட்டினார். மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால், யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் கார் பல கை மாறியிருந்தது. கடைசியில் பதிவில் இருந்தவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு.

கோர்ட்டில் அந்தப் பையனை முதல்முறை பார்த்தேன். ஊன்றுகோலோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அதுவரை ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்றுதான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. நான் ஒழுங்காகப் பேர் மாற்றிக் கொடுத்திருந்தால், வண்டி வைத்திருந்தவர் பேரில் அது இருந்திருக்கும், யாரைக் கேட்பது என்று அவனுக்கு உடனே தெரிந்திருக்கும். என் சோம்பேறித்தனத்தால் அவனும் இரண்டு வருடம் அலைந்தான்.

வட்டியோடு 4,20,000 கட்டினேன். மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒரு சி.ஜே. 3பி-யை விற்றுத்தான் கட்டினேன். அதை விற்கும்போது வாங்கியவரோடு நானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன்.

விற்கிறவர்களுக்கு

நீங்கள் விற்பது ஜீப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பழைய ஸ்கூட்டர், கார் எல்லாவற்றுக்கும் இதுதான்.

1. தேதி போடாத ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களே தெரிவியுங்கள். வெளி மாநிலம் என்றால் ஃபாரம் 28 போட்டு, தடையில்லாச் சான்று கையில் வந்த பிறகு வண்டியைக் கொடுங்கள்.

3. வாங்கியவர் பேரில் புது ஆர்.சி. வரும்வரை இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

4. வண்டி கொடுத்த தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

கடைசியாக, நம் கட்டடம். வெல்டிங், பெயிண்ட் வேலை எதையும் கீழே நான் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அதற்கு வெளியே ஒரு ஷெட் வாடகைக்கு வைத்திருக்கிறேன். ஆயில் சொட்டினால் ஏந்த வண்டிக்கு அடியில் தட்டு இருக்கிறது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ்கள் தாங்காது என்பதால் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டேன். கட்டடத்துக்குக் கீழே பெட்ரோல் கசியும் வண்டி நிற்கக் கூடாது என்பதில் உங்களைவிட எனக்குப் பயம் அதிகம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்களைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பி பிளாக் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாள் நானும் கூடப் போனேன். பெயிண்ட் நிஜமாகவே நன்றாக இருந்தது. எஞ்சின் எண் மட்டும் ஆர்.சி.யோடு சேரவில்லை, ஆர்.சி.யில் இருந்தவரை விற்கிறவருக்கே தெரியவில்லை. அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். ஒரு வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வந்து ஸ்பேனர் பிடிக்கிறார். அவருக்கு ஒரு வண்டி தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

உங்களில் யாராவது பழைய வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் சி பிளாக்குக்கு ஒரு போன் போடுங்கள், கூட வருகிறேன். டீ மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும்.