மருந்துக் கோடு

வாழ்நாளெல்லாம் புவியியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. ஆகவே வரைபடத்திலுள்ள ஒரு கோட்டைப் பற்றியே பேசுகிறேன்.

வட அமெரிக்காவில் வுட்ஸ் ஏரி முதல் ராக்கி மலை வரை, அமெரிக்காவுக்கும் அன்று பிரிட்டன் வசமிருந்த இன்றைய கனடாவுக்கும் இடையே 49ஆம் அட்சக்கோடே எல்லை என்று 1818இல் லண்டனில் கையெழுத்தானது. நம் வரப்புகூட வாய்க்காலைக் கண்டால் வளைந்து கொடுக்கும். இந்தக் கோடு ஆற்றையும் பார்க்கவில்லை, குன்றையும் பார்க்கவில்லை. 1872 முதல் 1874 வரை இருதரப்பு நில அளவையாளர்களும் விண்மீன்களைக் கொண்டு இடம் கணித்து, மண்மேடும் கற்குவியலும் எழுப்பிப் போனார்கள். அப்பாலும் இப்பாலும் ஒரே புல்தான். இரண்டானது சட்டம். இரண்டானதால்தான் கோட்டைத் தாண்டுவதற்கே காரணம் பிறந்தது என்பது என் கருத்து.

முதலில் தாண்டியது சாராயம். அமெரிக்காவின் மொன்டானாவிலுள்ள பென்டன் கோட்டையிலிருந்து வணிகர்கள் அதை வண்டி வண்டியாக வடக்கே கொண்டுபோனார்கள். தடுக்க அங்கே காவலர் கிடையாது. 1874இல் கனடாவின் குதிரைக் காவல்படையான வடமேற்கு மவுண்டட் போலீஸ் வந்து சேர்ந்தபின் நிலைமை மாறியது.

அந்தச் சமவெளியின் பூர்வகுடிகள் எல்லைக்கு வைத்த பெயர் ‘மருந்துக் கோடு’. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று நம்மூரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மருந்து. துரத்திவரும் அமெரிக்கக் குதிரைப்படை ஒரு கற்குவியலைக் கண்டதும் நின்றுவிடுகிறது என்றால் வேறென்ன பெயர் வைப்பது? 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படைப்பிரிவை வீழ்த்திய லகோட்டா மக்களில் பெருந்தொகையினர் வடக்கே ஒதுங்கினர். மறு ஆண்டு அவர்களின் தலைவர் சிட்டிங் புல்லும் வுட் மவுண்டனுக்கு வந்தார். அங்கிருந்த காவல் அதிகாரி வால்ஷ் விதித்த நிபந்தனை எளியது: அரசியின் சட்டத்துக்கு அடங்க வேண்டும், கோட்டைத் தாண்டிப் போய்த் தாக்கக் கூடாது.

ஆனால் பைசன் மந்தைகள் அருகிக்கொண்டிருந்தன. மிஞ்சியவற்றைத் தேடித் தெற்கே போன வேட்டைக்காரர்களை 1879இல் மில்க் ஆற்றருகே அமெரிக்கப் படை எதிர்கொண்டது. கனடா அரசு நிலமும் ஒதுக்கவில்லை, உணவும் வழங்கவில்லை. உயிரைக் காத்த கோடு வயிற்றைக் காக்கவில்லை. 1881 ஜூலையில் சிட்டிங் புல் அமெரிக்காவின் புஃபோர்ட் கோட்டையில் சரணடைந்தார். பட்டினியும் ஒரு கொள்கையாக இருந்தது என்றே நான் படிக்கிறேன்.

அதே மில்க் ஆறு மொன்டானாவில் பிறந்து, கனடாவின் ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்து, மீண்டும் மொன்டானாவுக்கே திரும்புகிறது. வடக்கே ஓடும் செயின்ட் மேரி ஆற்றின் நீரை அதில் திருப்பிவிட அமெரிக்கா திட்டமிட்டது. வரும் வழியிலேயே அள்ளிக்கொள்வோம் என்று கனடியர்கள் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதற்கு ‘வன்மக் கால்வாய்’ என்றே பெயர். வாய்க்கால் தகராறு பார்த்த ஊர்க்காரர் எவருக்கும் இது புதிதல்ல. 1909 எல்லை நீர் உடன்படிக்கை இரண்டு ஆறுகளையும் ஒரே ஆறாகக் கருதிப் பங்கிட்டது.

இன்றும் பிராங்ஹார்ன் மறிமான்கள் கனடாவின் சஸ்காச்சுவனுக்கும் மொன்டானாவுக்கும் இடையே போய்வருகின்றன. எவ்வளவு வேகமாக ஓடினாலும் வழியிலுள்ள மேய்ச்சல் நில வேலியைத் தாண்டிக் குதிக்கப் பெரும்பாலும் முன்வருவதில்லை. குனிந்து அடியில் நுழைகின்றன. முள்கம்பி முதுகைக் கீறி மயிரைப் பிடுங்குகிறது. அதற்காக அடிக்கம்பியை மட்டும் முள்ளில்லாத கம்பியாக மாற்றி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு உயர்த்திக் கட்டுகிறார்கள், இரு நாட்டு மேய்ச்சல்காரர்களும்.