நிபந்தனை போடாத அன்பு

(செம்பூரில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நிபந்தனையற்ற அன்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் படித்தது பௌதிகம். அதனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு விஞ்ஞானியின் தாயார். பேராசிரியர் எஸ். சந்திரசேகரின் அம்மா சீதாலக்ஷ்மி அம்மாள்.

அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பத்துக் குழந்தைகள். அதற்கு நடுவிலும் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். பிள்ளை ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது அப்பா சுப்ரமண்ய ஐயரின் ஆசை. பிள்ளைக்கோ பௌதிகத்தில்தான் மனம். அம்மா பிள்ளையின் பக்கம் நின்றார்.

1930-ல் பிரெசிடென்சி காலேஜில் படித்து முடித்த 19 வயதுப் பிள்ளைக்கு, கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது அம்மா கடும் நோயில் இருந்தார். போனால் திரும்பவும் பார்க்க முடியுமா என்பதே சந்தேகம். உறவினர்கள் தடுத்தார்கள். பிள்ளையும் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அந்த அம்மாதான். மகன் தனக்காகப் பிறந்தவனல்ல, உலகத்துக்காகப் பிறந்தவன் என்பது அவர் எண்ணம்.

1930 ஜூலை 31 அன்று நம் மும்பையிலிருந்துதான் சந்திரசேகர் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் தொடங்கிய கணக்குதான் பின்னால் ‘சந்திரசேகர் எல்லை’ எனப் பெயர் பெற்றது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் வெள்ளைக் குள்ளனாக நிலைத்திருக்க முடியும் என்பது அது. 1931 மே மாதம் அம்மா காலமானார். மகனை மறுபடி பார்க்கவில்லை. நோபல் பரிசு வந்தது 1983-ல்.

பரிசு வராமலே போயிருந்தாலும் அந்த அம்மா செய்தது குறைந்துவிடாது. அனுப்பிய அன்று அவர் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை. நோயைக் காட்டி மகனைக் கட்டிப்போடவும் இல்லை.

மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மில் பலருடைய குழந்தைகள் கலிபோர்னியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் முகம் தெரிந்ததும், “உன்னை ஆளாக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?” என்று ஆரம்பித்து விடுகிறோம். ஆபீஸில் பில் பாஸ் பண்ணிய பழக்கமோ என்னவோ, குழந்தைகளுக்கும் பில் அனுப்புகிறோம்!

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். உதவி தேவையென்றால் கேளுங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்வது குழந்தைகளின் தர்மம். அதை அவர்கள் நினைக்கட்டும். குற்ற உணர்ச்சியோடு அவர்கள் ஃபோனை வைக்கும்படி செய்யாமல் இருப்பது நம் தர்மம்.

அடுத்த ஞாயிறு பேசும்போது, “எப்போ வரே?” என்பதற்கு முன்னால், “சந்தோஷமா இருக்கியா?” என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலை முழுவதும் கேட்டுக்கொள்ளுங்கள்.