புலி முத்திரையும் பொடி மூட்டையும்

(கொடும்பாளூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருக்குவேளிர் ஆண்ட ஊர் இது. மதுரைக்குச் செல்லும் வழியிலே சிலப்பதிகாரம் சுட்டிய கொடும்பை இது. அன்று கால்நடையாய்ச் சென்ற திசையிலே இன்று திருச்சி–மதுரை நெடுஞ்சாலை, இரவெல்லாம் லாரிகள். உப்பு போகிறது, உரம் போகிறது. இடுக்கிலே நஞ்சும் போகிறதா? அதைப் பார்க்கத்தான் சிலருக்குச் சீருடை தந்திருக்கிறோம். அவர்தம் நாணயம் பற்றியே இன்று பேச வந்தேன்.

சுங்கம் தமிழனுக்குப் புதிதல்ல! காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைப் பட்டினப்பாலையிலே காணுங்கள். கப்பலில் வந்த பொதியும் கப்பலேறும் பொதியும் குவிந்து கிடக்கும். அவற்றின்மீது புலி முத்திரை விழும். சுங்கம் கொள்வோரோ, கதிரவன் தேர்க் குதிரைகள்போல் ஓய்வறியாதவர்! முத்திரை என்பது மையா? அல்ல. 'இதை நான் பார்த்தேன்' என்னும் சாட்சி. சாட்சி விலைபோனால் புலி பூனையாகும்!

விலைபோனால் என்ன ஆகும்? சீனத்தைக் கேளுங்கள். வங்கத்து அபினியைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏலம் விட்டது. வணிகர் கள்ளத்தனமாய்க் கரை சேர்த்தனர். பேரரசர் தடை போட்டார். அதிகாரிகள் கை நீட்டினர். ஆணை ஏட்டிலே, அபினி வீட்டிலே! 1839இல் கை நீட்டாத ஒருவர் வந்தார் – லின் சே சூ. 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி ஹூமென் கரையிலே அழித்தார். பிரிட்டிஷ் பீரங்கி வந்தது. அரசு அவரையே பதவி நீக்கி நாடு கடத்தியது. நேர்மையாளன் பின்னே நேர்மையான அரசும் நிற்கவேண்டும் என்பதன்றோ பாடம்!

நம் நாட்டுக்கு வருவோம். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்திலே, ஆப்கானிஸ்தானத்து மாக்கல் என்று வந்த 2 கொள்கலன்களில் 2,988 கிலோ ஹெராயினைப் பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம். பாராட்டுவோம்! ஆனால், பிடிபட்டதை எடை போடலாம். தப்பியதை எந்தத் தராசில் நிறுப்பது?

இவ்வூர் மூவர் கோயிலிலே மூன்று தளிகள். இரண்டு நிற்கின்றன; மூன்றாவதற்கு எஞ்சியது அடித்தளமே. அரசின் முயற்சியும் அப்படித்தான்.

முதல் தளி, சட்டம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, 250 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்துபவனுக்கு 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். தெரிந்தே துணைபோகும் அதிகாரிக்கும் 59ஆம் பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. நியாயம்! ஆனால் அதே பிரிவிலே ஒரு தாழ்ப்பாள்: அரசின் முன்அனுமதி பெற்ற எழுத்துப் புகார் இன்றி, நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்காது. மூட்டை சுமந்தவனுக்குச் சிறை திறக்கிறது. சுமக்க விட்டவனுக்கோ முதலில் கோப்பு திறக்கவேண்டும்! அனுமதியே கூடாது என்கிறேனா? இல்லை. பொய்வழக்கிலிருந்து நல்லவனைக் காக்க வேலி வேண்டும். வேலிக்குள் கள்ளன் ஒளியக்கூடாது. காலக்கெடு வையுங்கள், மறுத்தால் காரணத்தை எழுதுங்கள்!

இரண்டாம் தளி, ஏற்பாடு. 2020 ஜூன் 8இல் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டிலே, ஒரு துறைமுகத்துச் சரக்கின் தாள்களை வேற்றூர் அதிகாரி கணினியில் பார்க்கிறார். யாரிடம் பல்லிளிப்பது என்று வணிகனுக்குத் தெரியாது. நல்லதே! ஆனால் பெட்டியைத் திறப்பது இன்றும் ஒரு மனிதனின் கை.

அந்தக் கையின் தூய்மையே மூன்றாம் தளி. உலகச் சுங்கத் துறைகள் 1993இல் அருஷா நகரிலே நாணயம் பற்றிப் பிரகடனம் செய்தன. 2003இல் திருத்தப்பட்ட அதன் 10 அம்சங்களில் முதலிடம் தலைமைக்கே! மேலே அழுக்கிருந்தால் கீழே சோப்பு எதற்கு? பெட்டியைத் திறந்தவனுக்கு இடமாற்றம், கண்ணை மூடியவனுக்குப் பதவி உயர்வு என்றால், தளி எழுமா?

கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நம் மாவட்டத்துக் கரைகள். நஞ்சு நுழைந்தால் நம் வீட்டுப் பிள்ளையின் நரம்பிலேதான் ஏறும். ஆகவே தோழர்களே, எத்தனை மூட்டை பிடித்தீர் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை அனுமதிக் கோப்புகள் உறங்குகின்றன என்றும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருவோர் எவராயினும் கேளுங்கள், நம்மவராயினும் கேளுங்கள்!