கடைமடைக்கும் நீர் சேர்த்தவர்

(நம் மஹல்லாவின் மூத்த உறுப்பினரும், பொதுப்பணித்துறையின் ஓய்வுபெற்ற பொறியாளருமான மர்ஹூம் அவர்களின் நினைவுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரை. தம் பெயரை எங்கும் பொறிக்க வேண்டாமென்பது மர்ஹூம் அவர்களின் விருப்பம்.)

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

மறைந்தவரை அவருடைய நன்மைகளைக் கொண்டே நினைவுகூருமாறு மார்க்கம் நமக்குக் கற்பித்துள்ளது. ஆயினும் நற்குணங்களை எண்ணிச் சொல்லிவிட்டுக் கலைந்து செல்வதற்காக மட்டும் நாம் இங்கே கூடவில்லை. அப்பெரியவர் தம் தொழிலிலும் இல்லத்திலும் ஒரே நெறியைக் கடைப்பிடித்தார். அந்நெறி நம் மஹல்லாவுக்கு இன்று பெரிதும் தேவைப்படுகின்றது.

மேற்கே ஓடிய பெரியாற்று நீர், 1895இல் அணை கட்டப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது என்பதையும், 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தது என்பதையும் நாம் அறிவோம். அந்நீரைப் பேரணையிலிருந்து வயல்களுக்குக் கொண்டு சேர்க்கும் கால்வாய்ப் பணியிலேயே மர்ஹூம் அவர்களின் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. கால்வாயின் தலைமடையில் இருப்போர்க்கு நீர் எளிதில் கிடைத்துவிடும். மதகைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துகொண்டாலும் கேட்பார் இருப்பதில்லை. கடைமடையில் இருப்பவரோ தம் முறைக்காகக் காத்திருந்து, பயிர் வாடுவதைக் கண்டு கலங்குவார். அதனால் மர்ஹூம் அவர்கள் கால்வாயைப் பார்வையிடும் நாள்களில் முதலில் கடைமடைக்கே செல்வார்களாம். "ஹஜ்ரத், தலைமடையில் நின்று பார்த்தால் எல்லார்க்கும் தண்ணீர் போவதுபோலத்தான் தெரியும். கடைசி வயலில் போய் நின்றால்தான் கணக்கு சரியா என்பது விளங்கும்" என்று நம்மிடம் ஒருமுறை கூறினார்கள். அவர்களுடைய ஜனாஸா அன்று மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து விவசாயிகள் பலர், சமய வேறுபாடின்றி வந்து, பள்ளி வாசலில் கைகட்டி நின்றதை நீங்களும் கண்டீர்கள்.

58ஆம் வயதில் ஓய்வு பெற்றபின் அவர்களுக்கு வாய்த்தது ஓய்வன்று. துணைவியார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அவ்வம்மையாருக்கு உணவூட்டியதும், தலைவாரியதும், துணிகளைத் துவைத்ததும் மர்ஹூம் அவர்களே. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பார்கள். அந்நேரங்களை வரைதாளில் கட்டம் கட்டிக் குறித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் வேண்டியபோது, "உங்கள் அம்மா எனக்குச் சோறு போட ஆள் வைத்தாரா?" என்று கேட்டார்களாம். அண்ணலார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அச்செய்தியை நாம் மிம்பரில் சொல்லி வந்தோம். மர்ஹூம் அவர்கள் அதை வாழ்ந்து காட்டினார்கள்.

அன்பர்களே! இனி நாம் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

மர்ஹூம் அவர்களின் வீடு நம் பள்ளியை ஒட்டியது. அதைப் பள்ளிக்கு எழுதிவைத்தால் மதரஸாவை விரிவாக்கலாம் என்று நிர்வாகத்தில் சிலர் விரும்பினர். அவ்விருப்பம் நல்லதே. ஆனால் மர்ஹூம் அவர்கள், "வஸிய்யத்துக்கு வரம்பு மூன்றில் ஒன்று. இந்த வீடு அவ்வரம்பைத் தாண்டிவிடும். என் மக்களின் ஹக்கை எடுத்து நான் தர்மம் செய்யலாகாது" என்று மறுத்துவிட்டார்கள். அன்று மனம் வருந்தியோரும் உண்டு. மார்க்கச் சட்டம் அவர்கள் பக்கமே இருந்தது.

அவர்களுக்கு ஒரு மகன், இரு மகள்கள். மகள்கள் தொலைவூர்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். மர்ஹூம் அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், மளிகைக் கடை பாக்கி 1,240 ரூபாய் உட்படத் தம் கடன்களையெல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை நீங்கலாக எஞ்சியதை நான்காகப் பகுத்து, மகனுக்கு இரண்டு, மகள் ஒவ்வொருவர்க்கும் ஒன்று என்று மகன் முன்னின்று பிரித்துக் கொடுத்துவிட்டார். "தங்கையர் இருவரும் கடைமடை, முதலில் அவர்களுக்குக் கொடு" என்பதே தந்தை தமக்குச் சொன்ன கடைசி அறிவுரை என்று அவர் நம்மிடம் கண் கலங்கக் கூறினார்.

நம் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் இவ்வாறு நடைபெறுகின்றது? "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று கூறி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லையே! திருமணத்தில் தந்தை கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ இறைவன் விதித்த உரிமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பங்கு கைக்கு வந்தபின் சகோதரி மனமுவந்து திருப்பித் தருவாராயின் அது அவருடைய பெருந்தன்மை. கைக்கு வருமுன்னர், பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் இடும் கையொப்பம் எவ்வாறு சம்மதமாகும்?

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். அவர்தம் மனைவி, இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு அண்ணலாரிடம் முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. மகள்கள் இருவர்க்கும் மூன்றில் இரண்டு பங்கும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் சகோதரர் எடுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். கேட்பாரற்ற இரு சிறுமியர்க்காக இறங்கிய சட்டத்தை நாம் ஒரு முத்திரைத்தாளில் கடந்துவிடலாகாது.

பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கும் சொத்துகள் உடையோர், எதிர்வரும் ரமளானுக்குள் அதனை முடித்துக்கொள்ள வேண்டுகிறோம். கணக்கிட்டுத் தர நாம் எந்நேரமும் ஆயத்தமாக உள்ளோம். மர்ஹூம் அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நினைவஞ்சலி அதுவே.

யா அல்லாஹ்! அன்னாரின் பிழைகளை மன்னித்து, கப்ரை விசாலமாக்கி, சுவனத்தில் உயர் பதவி வழங்குவாயாக! உரியவர்க்கு உரியதைச் சேர்க்கும் உள்ளத்தை எங்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.