வங்கி அதிகாரி வேலை: நம் பிள்ளைகள் தவறுவது எங்கே?

(நல்லம்பள்ளியில் பெற்றோர்கள், பட்டதாரி மாணவ, மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரை)



நம் பகுதியில் பட்டம் முடித்த பிள்ளை என்ன செய்கிறான்? ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறான். கிடைத்த கம்பெனியில், கொடுத்த சம்பளத்துக்குச் சேருகிறான். உழைத்துச் சாப்பிடுவதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அதே பட்டத்தைக் கொண்டு வங்கியில் அதிகாரியாக நுழையலாம் என்று அவனுக்கு யாராவது சொன்னோமா?

வங்கிப் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு என்று 2006-ல் சச்சார் குழு எடுத்துக் காட்டியது. மேடை போட்டுப் பேசினோம். விண்ணப்பம் போட்டோமா?

உங்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். "வட்டி புழங்கும் இடத்தில் வேலை பார்க்கலாமா?" வட்டி தடுக்கப்பட்டது. அதில் இரண்டு பேச்சு இல்லை. அங்கே வேலை பார்ப்பது பற்றி உலமாக்களிடம் நேரில் கேளுங்கள். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். கணக்கு, ஆங்கிலம், சிந்தனைத் திறன், பொது அறிவு என்று வங்கித் தேர்வுக்குப் படிப்பதே மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் பெரும்பாலும் உதவும். வருமான வரித்துறை, தணிக்கைத்துறை என்று அங்கே பல வாசல்கள் உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். பொதுத்துறை வங்கிகள் இன்று 12. ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு வைக்கிறது. மற்ற 11 வங்கிகளுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் பொதுத்தேர்வு நடத்துகிறது. எந்தப் பட்டம் ஆனாலும் போதும். வயது 30-க்குள். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, பிறகு நேர்முகம். தேறியவர் புரபேஷனரி ஆபீசர். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. 2024 ஒப்பந்தப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். படிகள் தனி. கிளை மேலாளர் நாற்காலிக்குப் போகும் படிக்கட்டு இதுதான்.

நம் பிள்ளைகள் முதலில் தவறுவது தேர்வுக்கூடத்தில் அல்ல, சான்றிதழில்! தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு மாநில அரசின் வேலைக்கும் படிப்புக்கும் உரியது. பொதுத்துறை வங்கியில் அது செல்லாது. அங்கே மத்திய அரசின் ஓ.பி.சி. 27 விழுக்காடுதான். அதில் வயது வரம்பும் 3 ஆண்டு தளரும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பிரிவின் பெயர் அதில் உள்ளதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லாதவர்கள் 2019-ல் வந்த 10 விழுக்காடு பொருளாதாரப் பிரிவுக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் வழங்குவார். கிரீமிலேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் அவர்கள் பதவியையும் பார்ப்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். இப்போதே வாங்குங்கள். அறிவிப்பில் கேட்கும் தேதிக்கு உட்பட்டதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது தடை ஆங்கிலம். அதிகாரித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் படித்த பிள்ளை பயப்படுகிறான். அவனுக்கும் வழி இருக்கிறது. எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம். கிராம வங்கி உதவியாளர் தேர்வும் அப்படியே. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுத்தராக நுழைந்து, துறைத் தேர்வு எழுதி அதிகாரியாகலாம்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை! சில தனியார் வங்கிகள் கட்டணப் படிப்பு நடத்தி, முடித்தவர்களுக்கு வேலை தருகின்றன. கட்டணம் லட்சக்கணக்கில். அதற்குக் கடனும் ஏற்பாடு செய்வார்கள். வட்டிக்கு அஞ்சுகிற நாம், வேலையில் சேரும் முன்பே வட்டிக் கடனில் விழலாமா? கையெழுத்துப் போடுமுன் கட்டணம், ஒப்பந்த ஆண்டு, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பொதுத்துறை வங்கிக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டுமே. "பணம் கொடு, வேலை வாங்கித் தருகிறேன்" என்பவன் மோசடிக்காரன்.

பயிற்சிக்குப் பணமில்லையா? தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள். அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். "படித்தது போதும்" என்று அவர்களை வீட்டில் நிறுத்தினால் நம் பாதி பலத்தை நாமே வெட்டிக் கொள்கிறோம்.

இந்த உரையைப் படிக்கும் சகோதரரே! உங்கள் தெருவில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "சான்றிதழ் கையில் இருக்கிறதா?" வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முயற்சி நம்முடையது. பலன் இறைவனிடம்.