கடலில் கலக்கும் நீர் வீணா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது நம் கல்லூரியில் எழுதப்படாத விதி. செயலாளர் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு, நீரியல் வகுப்பு. ஐப்பசி அடைமழை. அன்றைய பேப்பரில், "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது" என்று பெரிய எழுத்தில் செய்தி. நம் பேராசிரியர் அதைப் படித்துக் காட்டி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்டார். நான் எழுந்து, "அணை கட்டாததுதான் சார் தப்பு" என்றேன். வகுப்பே கைதட்டியது. அவர் சிரித்துவிட்டு, "உட்கார். பத்து வருஷம் கழித்து இதே கேள்விக்குப் பதில் சொல்" என்றார். பத்து, பதினைந்தாகிவிட்டது. அவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாமதத்துக்கு அபராதம் போடாமல் என் பதிலைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். நம் ஊரில் முகத்துவாரம் என்றும் சொல்வார்கள். அங்கே நடப்பது வெறும் கலப்பு இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது கனம். ஓதம் ஏறும்போது கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைகிறது. ஆற்றுநீர் மேலே ஓடுகிறது. ஒரே இடத்தில், மேலே மொண்டால் ஒரு தண்ணீர், அடியில் மொண்டால் வேறு தண்ணீர். ஆறு மணி நேரத்தில் இரண்டும் மாறிவிடும்.

இந்த உப்பும் தப்புமான தண்ணீரில்தான் நாம் சாப்பிடும் பல மீன்களின் பிள்ளைப் பருவம் கழிகிறது. வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு சில உருமாற்றங்களைக் கடந்து, ஒரு சென்டிமீட்டர் அளவு ஆகும்போது, ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வருகிறது. அலையாத்தி வேர்களுக்கு இடையில், சேற்றில், சில மாதம் தின்று வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. மடவையும் கடலில் பிறந்து கழிமுகத்தில் வளர்கிற ஜாதி. உல்லம் இதற்கு நேர்மாறு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். 1975-ல் கங்கையில் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த உல்லம், அதற்குப் பிறகு அணைக்கு மேலே ஏறக்குறைய இல்லாமலே போனது. கதவு போட்டவர்கள் நம் துறைக்காரர்கள். மீனுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று டிராயிங்கில் யாரும் குறிக்கவில்லை.

ஆற்றுநீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் ஓதம் பத்து மீட்டரைத் தாண்டும். சென்னைப் பக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆக, நம் கரையில் ஓதத்துக்குப் பலம் குறைவு. கரையோரமாக மணல் வருஷத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது முகத்துவாரத்தை மூடப் பார்க்கும். அதை உடைத்துத் திறந்து வைப்பது ஆற்றின் வெள்ளம்தான். வெள்ளம் வராவிட்டால் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். பிறகு உள்ளே இருப்பது கழிமுகம் இல்லை, குட்டை. கூவமும் அடையாறும் கடலைச் சந்திக்கும் இடத்தில் பொக்லைன் வைத்து மணல் அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு இலவசமாகச் செய்த வேலையை டெண்டர் விட்டுச் செய்கிறோம்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன். அதை இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கடலோரத் திட்டத்துக்காக, ஒரு கழிமுகத்தின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். ஊர் பெயர், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு நாள் வேலை. ஹோட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்குப் படகில் ஏறி, மேலாக மாதிரி எடுத்தோம். கரைந்த ஆக்ஸிஜன் ஆறு மில்லிகிராமுக்கு மேலே. அருமையான தண்ணீர். எனக்கு ஒரே சந்தோஷம்.

படகு ஓட்டிய மீனவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டாம் நாள் கரை திரும்பும்போது சொன்னார்: "தம்பி, நீங்க வெயில் ஏறினப்புறம் வர்றீங்க. அப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கும். விடியக்காலம் நாலு மணிக்கு வந்து அடித்தண்ணியை எடுத்துப் பாருங்க. மீன் ஏன் மேல வந்து வாயைப் பொளக்குதுன்னு தெரியும்."

எனக்கு உறுத்தியது. மறுநாள் விடியற்காலை நானே பாட்டில்களோடு போனேன். நம் வேதியியல் லேபில் செய்த அதே விங்க்லர் சோதனை, 1888-ல் ஹங்கேரிக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால், தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பு வண்டல் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பெரியவர் டார்ச் பிடித்தார். மேல்தண்ணீர் லேசான பழுப்பு. அடித்தண்ணீர்ப் பாட்டில் வெள்ளை.

காரணம் சுலபம். பகலில் பாசி வெளிச்சத்தை வாங்கி ஆக்ஸிஜன் விடுகிறது. இரவில் அதுவும் மூச்சு வாங்கும். மீனும் மூச்சு வாங்கும். சேற்றில் தேங்கிய சாக்கடைக் கழிவைத் தின்னும் கிருமியும் மூச்சு வாங்கும். விடிவதற்கு முன்னால்தான் கையிருப்பு அடிமட்டத்துக்கு வரும். அடியில் உப்புநீர் தனியாகக் கிடந்தால் மேலே உள்ள காற்றும் அங்கே போய்ச் சேராது. நாங்கள் பதினோரு மணிக்கு மேல்மட்டத்தில் எடுத்தது, காய்ச்சல்காரனை மாத்திரை போட்ட பிறகு தொட்டுப் பார்த்த கதை.

அலுவலகத்தில் சொன்னேன். "நமக்குக் கொடுத்த வேலையில் பகல் மாதிரி என்றுதான் இருக்கிறது. அறிக்கை பைண்டிங்குக்குப் போய்விட்டது" என்றார்கள். உண்மைதான், அப்படித்தான் இருந்தது. நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலையில் சேர்ந்து எட்டு மாசம். வீட்டில் தங்கை கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்தக் கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தது. எங்கள் திட்டத்தால் இல்லை, திட்டம் அப்போது ஆரம்பிக்கவே இல்லை. தண்ணீர் முன்பே அந்த நிலையில்தான் இருந்தது. பெரியவர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தம்பி, அந்த வெள்ளைப் பாட்டிலை எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அண்ணே" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். அந்த 'சரி' இன்றைக்கும் எனக்குச் சரியாகவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விடியற்காலை மாதிரி, அடிமட்ட மாதிரி, ஓதம் ஏறும்போது ஒன்று, வற்றும்போது ஒன்று, மழைக்கு ஒரு தடவை, கோடைக்கு ஒரு தடவை. இத்தனையும் இல்லாமல் எந்தக் கழிமுக அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும். தப்பு இன்னொரு பக்கமும் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடைத் தண்ணீருக்காக எழுதிய சி.ஓ.டி. சோதனையை உவர்நீரில் அப்படியே செய்தால், உப்பிலுள்ள குளோரைடும் கணக்கில் சேர்ந்து, இல்லாத அழுக்கைக் காட்டும். கழிமுகத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும்.

இனி நம் துறை செய்த இரண்டு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது கேரளம். குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. கோடையில் உப்பு ஏறிப் பயிர் போகிறது என்று, வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் 1970-களின் நடுவில் தடுப்பு கட்டினார்கள். டிசம்பரில் ஷட்டரை இறக்கினால் அறுவடை முடிந்துதான் தூக்குவார்கள். நெல்லுக்கு நல்லதுதான். ஆனால் காயலின் பெரிய ஆற்று இறால் நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். இதை 1960-களின் தொடக்கத்திலேயே மலேசியாவில் எஸ்.டபிள்யூ. லிங் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்துவிட்டார். தாய் இறால் முட்டையோடு உப்பைத் தேடிக் கீழே போனால் கதவு மூடியிருக்கிறது. இறால் பிடிப்பு சரிந்தது. உப்பு வந்து கொல்லாததால் தெற்கே வெங்காயத்தாமரை படர்ந்தது. வயலில் போட்ட உரமும் மருந்தும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கின. ஷட்டரை எப்போது திறப்பது என்று விவசாயிக்கும் மீனவருக்கும் வருஷா வருஷம் தகராறு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டும்போது ஒருவரை மட்டும் கேட்டதுதான் வினை.

இரண்டாவது ஒடிசா. சிலிகா ஏரியின் வாய் மணலால் அடைபட்டு, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் அற்றுப்போனது. 1993-ல் ராம்சர் அமைப்பு அதை ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தது. புனேயிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரிகள் வைத்து ஆராய்ந்தார்கள். 2000 செப்டம்பர் 23 அன்று புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. 1999-2000-ல் 2,000 டன்னுக்கும் குறைவாக இருந்த மீன், இறால், நண்டுப் பிடிப்பு 2001-02-ல் ஏறத்தாழ 12,000 டன் ஆனது. 2002-ல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகாவின் பெயர் நீக்கப்பட்டது. அதுவும் எஞ்சினியர் வேலைதான். முதலில் உப்பையும் மீனையும் அளந்தார்கள், பிறகு வெட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில் பங்கிட்டது மொத்தம் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. 2018-ல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். பட்டியலின் கடைசி இரண்டு வரிகளை யாரும் படிப்பதில்லை. சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப்போவது 4. ஆக 14. மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அதிலும் கடலுக்குப் போகும் தண்ணீருக்குப் பெயர் பாருங்கள், 'தப்பிப்போவது'! ஜெயிலிலிருந்து ஓடினவன் மாதிரி.

வெள்ள வருஷத்தில் இதைவிட எத்தனையோ மடங்கு கொள்ளிடம் வழியாகப் போகிறதே என்று கேட்பீர்கள். போகிறது. பத்து நாளில் மொத்தமாகப் போகிறது. வருஷச் சாப்பாட்டை ஒரே பந்தியில் பரிமாறிவிட்டுப் பிறகு இலையையே எடுத்துவிட்டால் பிள்ளை வளருமா? கழிமுகத்துக்குத் தேவை, கோடையிலும் ஏதோ கொஞ்சம். எவ்வளவு, எந்த மாதம் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக வெள்ளாற்றுக் கழிமுகத்தையும் பிச்சாவரத்தையும் அளந்துவந்திருக்கிறது. அணைக் கதவைத் திறக்கிறவரும் அந்த அளவுகளைப் படிக்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

சார், இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் டெல்டாச் சோறு தின்று வளர்ந்தவன்தான். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு. கடலில் கலக்கும் நீரில் ஒரு பகுதி, கடலோரத்து ஜனங்களின் பங்கு. அது எவ்வளவு என்று அளக்காமலே 'வீண்' என்று எழுதுவதுதான் அந்தச் செய்தியில் உள்ள தப்பு.

இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் பொதுப்பணியில் இருக்கிறோம், கன்சல்டன்சியில் இருக்கிறோம், தொழிற்சாலைகளில் இருக்கிறோம். தினமும் எங்கேயாவது கையெழுத்துப் போடுகிறோம். இளைய தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு கழிமுகத்தைப் பற்றிய தாள் உங்கள் மேஜைக்கு வந்தால், பேனாவைத் திறக்கும் முன், மாதிரி எடுத்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், மறுநாள் நாலு மணிக்கு அலாரம் வையுங்கள்.

மெனுவில் மீனும் உண்டு என்று கேள்விப்பட்டேன். சாப்பிடும்போது அது எங்கே வளர்ந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.