தருக்கமும் கணிப்பொறியும்



தருக்கம் என்றவுடன் அது வடமொழி கற்றாரின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் உளர். மணிமேகலையின் 29-ஆம் காதையை அவர்கள் கண்டிலர் போலும். கணிகையர் குலத்துப் பெண்ணொருத்திக்குக் காஞ்சி மாநகரில் அறவண அடிகள் அளவை முறையைக் கற்பிக்கும் பகுதி அது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை உடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். போலிக் காரணங்களையும் அடிகள் வகைப்படுத்திக் காட்டுகிறார்.

இதனோடு உறவுடைய முறையொன்று இன்று கணிப்பொறிக்குள் இயங்குகிறது. பிரான்சு நாட்டு மார்செய் நகரில் 1972-இல் அலன் கோல்மெரோவரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய 'புரோலாக்' என்னும் நிரல்மொழியே அது. எடின்பரோவில் இருந்த இராபர்ட் கோவால்சுகி அதன் தருக்க அடிப்படையை வகுத்தவருள் ஒருவர். அம்மொழியில் 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளையிடுவதில்லை. செய்திகளையும் விதிகளையும் எழுதிவைத்து வினவுகிறோம். சித்திராபதி மாதவியின் தாய். மாதவி மணிமேகலையின் தாய். தாயின் தாய் பாட்டி. இம்மூன்றையும் எழுதி, மணிமேகலையின் பாட்டி யார் எனக் கேட்டால், நாம் எழுதாத விடையைப் பொறி தானே வருவித்துச் சித்திராபதி என்கிறது.

இனி, கண்ணகியின் தாய் யார் எனக் கேளுங்கள். 'இல்லை' என்று விடை வரும்! கண்ணகி தாயின்றிப் பிறந்தாளா? தன்னால் நிறுவ இயலாததை அப்பொறி பொய் என்றே கொள்கிறது. பேருந்து அட்டவணைக்கு இது பொருந்தும்; ஏட்டில் இல்லாத வண்டி ஓடுவதில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பறையர் சமுதாயத்தின் நிலை குறித்துச் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891-இல் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். நம் திருமழிசையும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்ததே. அந்நிலங்களுள் பல பிறர் கைக்கு மாறின. பாட்டன் உழுத நிலத்தைத் தேடிச் செல்லும் பேரனுக்கு, 'பதிவேட்டில் இல்லை. ஆகவே உரிமை இல்லை' என்ற விடை கிடைக்கிறது. பதிவின்மை உரிமை இல்லாதவரிடத்தும் உண்டு. உரிமை உடையவரிடத்தும் உண்டு. இவ்வாறு இருபாலும் செல்லும் ஏதுவை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் போலியுள் அடக்கும். அலுவலர் முன் நின்று இதனைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

புரோலாக் கற்கப் பெரும்பொருள் வேண்டா. எஸ்டபிள்யூஐ புரோலாக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பழைய கணிப்பொறியிலும் இயங்கும். முதலில் உங்கள் குடும்ப உறவுமுறைகளை எழுதிப் பாருங்கள். அத்தை என்பவள் தந்தையின் உடன்பிறந்தாளா, மாமனின் மனைவியா? இரண்டும் எனின், விதியும் இரண்டாக எழுத வேண்டும்.